நெட்வொர்க்குக்கு விசில் ஊதிய கண்டக்டர்

உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை கம்ப்யூட்டரைப் பார்த்து, "படியில தொங்காத, உள்ள போ" என்று அதட்டிய ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர்தான். வேறு யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்; நான் இந்தப் பத்தியையே நிறுத்திவிடுகிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வகுப்பில் அந்தப் பெயரைப் படித்தால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். பதினைந்து வருடம் விழுப்புரம் ரோட்டில் தனியார் பஸ் கண்டக்டர். முட்டி இரண்டும் மக்கர் செய்து, "இனிமே நின்னீங்கன்னா அப்புறம் நிக்கவே முடியாது" என்று டாக்டர் மிரட்டிய பிறகு, மதகடிப்பட்டில் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் நடந்த நெட்வொர்க் வகுப்பில் வந்து சேர்ந்தார். பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, திருடன் நுழையாதபடி கட்டிக் காக்கும் படிப்பு. பண்டசோழநல்லூரிலிருந்து நானும் அதே நாளில் சேர்ந்தேன்.

"இதுல ஏண்ணே சேந்தீங்க?"

"உக்காந்து பாக்குற வேலைன்னாங்கம்மா. வேற இன்னா வேணும்?"

ஊரையே உட்கார வைத்த மனிதருக்கு ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கிடைத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தால்தானே? யார் உள்ளே வந்தாலும் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். என் பஸ் தினமும் தாமதம். எனக்காக ஒரு நாற்காலியில் துண்டு போட்டு வைப்பார். யாராவது அதை இழுத்தால், "ஆளு வருது" என்பார்.

எண்டர் பட்டனைத் தட்டும்போதெல்லாம் "ரைட்!" என்று ஒரு குரல். ஃபயர்வால் என்ற காவல் புரோகிராம் எதையாவது தடுத்துவிட்டால் கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதுவார். ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பஸ் நின்றேவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, யாரு எறங்கணும்?" என்று கேட்டார்.

எங்கள் சார் வில்லியனூர்க்காரர், எங்கள் எல்லோரையும்விட இளையவர். நெட்வொர்க் பாதுகாப்பைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினார். எங்களுக்குத் தூக்கம்தான் வந்தது. கண்டக்டர் எழுந்தார்.

"நான் சொல்லட்டா சார்? வெளிய இருந்து வர்றவன் படியிலயே நிக்கணும். டிக்கெட் எடுத்தாதான் உள்ள. லேடீஸ் சீட்டுல ஆம்பள உக்காரக் கூடாது. அது மாதிரி ஆபீஸ் கம்ப்யூட்டரு ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம், ஒண்ணு எடத்துக்கு இன்னொண்ணு போவக் கூடாது. நடுவழியில செக்கர் ஏறுவாரு. உள்ள இருக்கறவனும் டிக்கெட்ட காட்டணும். இதான சார்?"

 சார் போர்டை அழித்துவிட்டு ஒரு பஸ் வரைந்தார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பு போட்ட வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் சக்கரம் இருந்தது.

படித்ததோடு விடவில்லை மனிதர். அடையாள அட்டை இல்லாமல் வந்த பயிற்சி நிலையத்தின் முதலாளியை வாசலிலேயே மறித்தார்.

"நான்தாய்யா ஓனரு!"

"பஸ் ஓனரும் இப்டிதான் சார் சொல்வாரு. கார்டு இருக்கா?"

முதலாளியே வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். தலையெழுத்து.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு ஓட்டை உண்டு. எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்களில் ஒரு வழக்கம். வேறு பஸ்ஸில் வேலை பார்க்கிறவர் ஏறினால் டிக்கெட் கிடையாது. கையைப் பாதி தூக்கி "ஸ்டாஃப்" என்று சொன்னால் போதும். அதற்குமேல் எந்தக் கண்டக்டரும் கேட்க மாட்டார். கேட்டால் தொழில் தர்மம் கெட்டுப்போகும்.

படிப்பின் முடிவில் நிஜமான வேலையே தேர்வாக வந்தது. பாகூரில் ஒரு அரிசி ஆலை, மதகடிப்பட்டில் அதன் கிடங்கு, வில்லியனூரில் அலுவலகம். மூன்றையும் பத்திரமாக இணைக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து ஒரு நிபுணர் வந்து உள்ளே நுழைய முயல்வார். அவர் தோற்றால் எனக்கும் கண்டக்டருக்கும் அங்கேயே வேலை. ஜெயித்தால் கண்டக்டர் திங்கட்கிழமை பழைய வேலைக்கே பஸ் ஏற வேண்டும். பஸ் முதலாளி தினமும் போன் செய்துகொண்டிருந்தார். வீட்டில் அண்ணியும், "இந்த மாசத்தோட சரி" என்று சொல்லிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. நிபுணர் ஆலை வாசலில் வேப்பமரத்தடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து காலையிலிருந்து முட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து விசில். நெல் இறக்கும் ஆட்கள் மூட்டையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மதியம் ஆளைக் காணோம். டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தோம்.

சர்வர் அறை வாசலில் நானும் கண்டக்டரும் நின்றிருந்தோம். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தலையைக் குனிந்தபடி வந்தார். கையைப் பாதி தூக்கினார்.

"ஸ்டாஃப்."

"ஏறிக்கோ ஏறிக்கோ" என்று வழிவிட்டார் கண்டக்டர்.

காக்கிச் சட்டைக்குள் இருந்தது நிபுணர். பாகூர் பஸ்ஸில் வரும்போதே எங்கள் ஆளின் பூர்வோத்தரத்தை எல்லாம் விசாரித்துவிட்டிருக்கிறார், கில்லாடி. நான் அடையாளம் கண்டு அலறுவதற்குள் சுவரில் இருந்த நெட்வொர்க் பிளக்கில் கேபிளைச் செருகிவிட்டார். "உள்ள வந்துட்டேன்!" என்று கத்தினார். ஆலை முதலாளி எழுந்து ஓடிவந்தார். கூட வந்திருந்த சார் கண்ணை மூடிக்கொண்டார். கண்டக்டர் குனிந்து தன் முட்டியைத் தடவிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போச்சுண்ணே!"

"இரும்மா."

நிபுணரின் லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். பிளக்குக்கு உயிரே போய்விட்டது. எங்கள் திரையில் சிவப்பாக ஒரு வரி ஓடியது: 'டிக்கெட் இல்லாதவர் இறங்கவும்.' அடுத்த பிளக்கில் செருகினார். அங்கேயும் அதே வரி. அறையில் இருந்த அத்தனை பிளக்கையும் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினார்.

"உள்ள வந்துட்டா பொதுவா யாரும் கேக்க மாட்டாங்களே. இத யாருங்க போட்டது?"

எனக்கும் அதுதான் கேள்வி. நான் வரைந்த படத்தில் அந்த அறைக்கு மட்டும் செக்கர் கிடையாது. வாசலில் கண்டக்டரே நிற்கும்போது எதற்கு என்று விட்டிருந்தேன்.

"நாந்தாம்மா நேத்து போட்டேன்" என்றார் கண்டக்டர். "ஸ்டாஃப்னு எவனாச்சும் கைய தூக்குனா நான் வுட்ருவேன். பதினஞ்சு வருசத்துப் பழக்கம், எங்க போவும்? அதான் இந்த ஆள நம்பாதன்னு மெஷினுக்குச் சொல்லி வச்சேன்."

"எந்த ஆளண்ணே?"

"என்னதாம்மா."

சொல்லிவிட்டு நிபுணரைப் பார்த்து நீளமாக ஒரு விசில் ஊதினார். "எறங்கு சார், எறங்கு!" நிபுணரே சிரித்துவிட்டார். ஊருக்கெல்லாம் சந்தேகம் சொல்லிக் கொடுக்கலாம். தன்மேலேயே சந்தேகப்பட்டுப் பூட்டுப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்? என்னால் முடியாது.

வேலை கிடைத்தது. அவருக்குச் சக்கரம் வைத்த நாற்காலி கொடுத்தார்கள். முதல் நாள் உட்கார்ந்ததும் அது உருண்டது. மனிதர் இரண்டு கையையும் மேலே தூக்கித் துழாவினார். "புடிச்சிக்க கம்பி இல்லியேம்மா!" சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

அந்த அறையில் இருந்தது இரண்டே நாற்காலி. கதவு எங்கள் இருவரின் அட்டைக்குத்தான் திறக்கும். அப்படியும் நான் தாமதமாகப் போகும் நாளெல்லாம் என் நாற்காலியில் அவர் துண்டு கிடக்கும். யார் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயந்தாரோ, கடைசிவரை சொல்லவில்லை.

போன மாதம் டவுனில் ஒரு பெரிய கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. அங்கே மெத்தை வைத்த நாற்காலியாம். எனக்குச் சந்தோஷம்தான். அவர் இல்லாத அறை பிடிக்கவில்லை என்பதும் நிஜம்தான்.

அவர் இடத்துக்குப் புதிதாக ஒரு இன்ஜினியர் வந்திருக்கிறார். முதல் நாள் அந்தச் சக்கர நாற்காலியை இழுத்தவர், அதன்மேல் என் துப்பட்டா கிடப்பதைப் பார்த்துவிட்டு, "அவர்தான் போயிட்டாரே மேடம், உக்காரலாமா?" என்று கேட்டார்.

"ஆளு வருது" என்றேன்.