ஜவ்வு குறித்த உயர்மட்ட ஆலோசனை

மனித குலம் தன் முழங்காலைப் பற்றி இவ்வளவு ஆழமாகச் சிந்தித்த காலம் இதற்குமுன் இருந்ததில்லை. அந்தச் சிந்தனைக்கெல்லாம் தலைமையகம் 'மூட்டு மேன்மை மையம்'. அதன் படியேறும் பேறு ஒரு பஸ் கண்டக்டரம்மாவுக்குக் கிடைத்தது.

பின்சீட்டிலிருந்து யாரோ "டிக்கெட்!" என்று கூப்பிட, சட்டென்று திரும்பியிருக்கிறார். உடம்பு திரும்பியது, ஊன்றிய கால் திரும்பவில்லை. உள்ளே 'டக்' என்றது. மறுநாள் முழங்கால் வீங்கி, பாதி மடங்கியபடியே சிக்கிக்கொண்டது. ஓடும் பஸ்ஸில் நின்றே பழகியவரை டெப்போவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்களோ? வலியைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

"இங்கதான் டாக்டர்..." என்று மூட்டின் உள்பக்கம் விரலை வைத்தார்.

"கையை எடுங்கம்மா," என்றார் பெரிய டாக்டர். "வலி எங்கேன்னு பேஷன்ட் சொல்றதெல்லாம் அந்தக் காலம். நாங்க படத்தைத்தான் நம்புவோம்."

ஸ்கேன் எடுத்தார்கள். கால் நீளாததால் படம் கலங்கிவிட்டது. மறுபடி எடுத்தார்கள். கூட்டம் கூடியது. பெரிய டாக்டர் "கிழிசல்" என்றார். ஸ்கேன் டாக்டர் "நிழல்" என்றார். மூன்றாமவர் 'கிழிசல் போன்ற நிழல்' என்று சமரசத் தீர்மானம் கொண்டுவந்து கைதட்டல் வாங்கினார். மூட்டுக்குள் மெத்தைபோல் கிடக்கும் பிறை வடிவச் சவ்வைத்தான் ஜனங்கள் ஜவ்வு என்கிறார்கள். ஆலோசனை ஏன் அப்படி இழுத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வெளியே பெஞ்சில் கண்டக்டரம்மா கணவரிடம் கேட்டார்: "ஏங்க, என் காலை யாராச்சும் பாத்தாங்களா?"

"உன் காலைப் பத்திதானே உள்ள பேசிக்கிட்டிருக்காங்க?"

"பேசறாங்க, சரி. பாத்தாங்களா?"

கணவர் யோசித்தார். "திரையில பஸ் சைஸுக்குப் போட்டிருக்காங்க. நம்ம குடும்பத்துல வேற யார் முட்டிக்குக் கிடைச்சிருக்கு இந்தப் பெருமை?"

நாலாம் நாள் கூடிய மூன்றாவது கூட்டத்தில் 'நோயாளியின் பங்கேற்பு' என்ற முற்போக்கான அம்சமும் சேர்க்கப்பட்டது. அதாவது, கண்டக்டரம்மாவை உள்ளே ஓர் ஓரமாகப் படுக்க வைத்தார்கள்.

அப்போது கரண்ட் போயிற்று. திரை அணைந்தது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்தது. நிபுணர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்ப்பதற்கு அறையில் வேறு மிச்சமிருந்தது ஒரு முழங்கால் மட்டும்தான்.

வேறு வழியில்லாமல் பெரிய டாக்டர் கிட்டே வந்தார். "எப்படிம்மா ஆச்சு?"

சொன்னார். விரல் காட்டிய இடத்தில் டாக்டர் அழுத்தினார், "ஐயோ!" என்று அலறல். காலை மடக்கி, பாதத்தைத் திருகி, மெல்ல நீட்டப் பார்த்தார். 'டக்.' கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கல்லூரியில் படித்துப் பாஸான பரிசோதனைதான். ஆனாலும் ஒருவர் பரவசத்தில் செல்போனில் படம்பிடித்தார்.

"ஜவ்வு கிழிஞ்சு, அந்தத் துண்டு மூட்டுல மாட்டியிருக்கும்மா. தைச்சுட்டா மறுபடி பஸ்ல நிக்கலாம்."

கண்டக்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். இதை நான் வந்த அன்னைக்கே செஞ்சிருக்கலாமே?"

பெரிய டாக்டர் அவரைப் பரிவோடு பார்த்தார்.

"அன்னைக்குக் கரண்ட் இருந்துச்சேம்மா!"