நல்ல தண்ணீர் இரண்டு தகரம்

1968ஆம் ஆண்டு, தைப்பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், சங்கக்கடை மனேச்சர் அருளம்பலம் ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தார். இனிமேல் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போவதில்லை.

தீர்மானத்தை மனைவி பத்மாசினிக்குச் சொல்லவில்லை. மகத்தான தீர்மானங்களை அவர் எப்போதும் சத்தமில்லாமல்தான் எடுப்பார்.

அவர்கள் வீடு கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்ட. வளவுக் கிணறு உவர். கால் கழுவலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. அந்தக் காலத்தில் குழாயும் இல்லை, கதையும் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் ஒன்றேமுக்கால் மைல் தள்ளிப் போய் அள்ளவேண்டும். கடை பூட்டியதும் சைக்கிள் கரியலின் இரண்டு பக்கமும் இரண்டு தண்ணீர்த் தகரத்தைக் கொழுவிக்கொண்டு அருளம்பலம் புறப்படுவார். போக ஆயிரத்து நூற்று நாற்பது மிதி. வரிசையில் குறைந்தது ஒன்பது பேர். திரும்பி வர ஆறு மணி. தண்ணீரை இறக்காமல் சீட்டாடப் போகக்கூடாது என்பது பத்மாசினியின் சட்டம்.

சீட்டு என்றால் முந்நூற்றுநாலு. சோமசேகரத்தின் விறாந்தையில் சரியாக ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கும். எதிர்க்கட்சியில் சோமசேகரம். ஆறு மணிக்குப் போனால் அருளம்பலத்தின் கதிரையில் வேறொருவர் இருப்பார். அவருக்குப் பின்னால் நின்று, அந்த மனிதன் பிழை பிழையாகச் சீட்டு இறக்குவதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கவேண்டும். நாலு வருடமாகக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கிவிட்டது.

வழியில், மூடிக் கிடந்த அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டே மிதி. ஆள் நடமாட்டம் இல்லை. அருளம்பலம் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். இனிப்பு! அவர் பிறந்தது நல்ல தண்ணீர் ஊறும் உரும்பிராய்ச் செம்மண்ணில். ஒரு மிடறில் கிணற்றைச் சொல்லிவிடுவேன் என்று கலியாண நாளிலிருந்து பெருமையடித்து வந்தவர். அந்த நாக்கே சம்மதித்த பிறகு வேறு சாட்சி எதற்கு?

ஆனாலும் மனைவியை முன்கூட்டியே பதப்படுத்திவைக்க நினைத்தார். அன்றிரவு மகளின் விஞ்ஞானப் புத்தகத்தை விரித்தார்.

"இஞ்சரும் பத்மாசினி, தண்ணி எண்டால் என்னெண்டு தெரியுமோ? ஐதரசன் ரெண்டு பங்கு, ஒட்சிசன் ஒரு பங்கு. எந்தக் கிணத்திலை அள்ளினாலும் உதுதான் கணக்கு."

"சுடலைக் கிணத்திலையுமோ?"

"ஓம்."

"கடலிலையுமோ?"

"ஓம்... கடலிலையுந்தான்."

"அப்ப ஏன் ஒண்டேமுக்கால் மைல் உழக்கிறியள்? கடல் பக்கத்திலைதானே கிடக்கு. அள்ளிக்கொண்டு வாங்கோவன்."

மகள் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டி உரக்க வாசித்தாள்: "நீர் பல பொருள்களைக் கரைக்கும் தன்மையுடையது. அதனாலேயே குருதி உணவை உடலெங்கும் கொண்டுசெல்கிறது. மரங்கள் மண்ணின் சத்தை வேரால் உறிஞ்சுகின்றன."

"கேட்டியளோ?" என்றாள் பத்மாசினி. "முதல் பக்கத்தோடை நிண்டால் இப்பிடித்தான். தண்ணி வெறுங்கையோடை வராது. தொட்டதெல்லாத்தையும் மடியிலை கட்டிக்கொண்டுதான் வரும். உங்கடை தங்கச்சி இஞ்சை வந்திட்டுப் போற மாதிரி."

அருளம்பலம் புத்தகத்தை மூடிவிட்டார்.

மறுநாள் நாலே முக்காலுக்குத் தகரங்களை இறக்கினார். வரிசை இல்லை, காற்றும் சாதகம் என்றார். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கத் தன் கதிரையில் உட்கார்ந்தார். நாலு வருடத்துக்குப் பிறகு சீட்டைத் தன் கையால் குலுக்கியபோது கண் கலங்கியதாகச் சொல்வார்கள்.

அவர் அறியாத காரியம் ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் பாரம் குறைந்தது. கடலோரத்தில் நிலத்துக்குக் கீழே கிடக்கும் உவர் பாரம் கூடியது. மாரி முடிந்த கையோடு நல்ல தண்ணீர் உவருக்கு மேலே பாலாடைபோல மிதக்கும். தையில் அவர் குடித்தது அந்த ஆடையை. அதற்குப் பிறகு மழை இல்லை. ஆடை நாளுக்கு நாள் மெலிந்தது. வாளி கீழே கீழே போனது.

பதினைந்தாம் நாள் பத்மாசினி வாசலில் நின்றாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் கொண்டந்த தண்ணியிலை சவுக்காரம் போட்டன். நுரைக்கேல்லை. திரைஞ்ச பால் மாதிரி நிக்குது."

"இப்ப வாற சவுக்காரம் சரியில்லை."

"பருப்பு ரெண்டரை மணித்தியாலம் அடுப்பிலை கிடந்தது. அவியேல்லை."

"அது... பழைய பருப்பாக்கும்."

"உங்கடை சங்கக்கடைப் பருப்பு!"

"ஓம், அது பழைய மூட்டை."

"பழசெண்டு தெரிஞ்சுகொண்டோ சனத்துக்கு நிறுத்துக் குடுக்கிறியள்?"

அருளம்பலம் சைக்கிளை எடுத்தார். பத்மாசினி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயப்படவேண்டிய இடம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மாசி பிறந்தது. தண்ணீரில் உப்புக் கரித்தது. ஒவ்வொரு நாளும் பத்மாசினி தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நிற்பாள்.

"தண்ணி எப்பிடி?"

"கற்கண்டு!"

"இன்னும் கொஞ்சம் விடட்டோ?"

"விடும், விடும்."

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி விழுங்குவார். உப்பு என்று சொன்னால், எங்கே அள்ளினீர்கள் என்ற கேள்வி வரும். ஐந்து மணிக் கதிரை போய்விடும். மனைவியும் மகளும் அதே தேநீரைச் சிரித்த முகத்தோடு குடிப்பதுதான் அவருக்கு விளங்கவில்லை. பெண்களுக்கு நாக்கு மரத்துவிட்டது என்று பரிதாபப்பட்டார்.

பரிதாபப்பட்டுக்கொண்டே நல்ல தண்ணீர்க் கிணற்றை நினைப்பார். துலா ஏறி இறங்கும் கிறீச்சொலி, நனைந்த கயிற்றின் மணம், வரிசையில் நின்று தம்பிஐயா அவிழ்த்துவிடும் பொய்கள், முதல் வாளியில் இரண்டு கையையும் ஏந்திக் குடித்தால் நெஞ்சு வரைக்கும் இறங்கும் அந்தக் குளிர். அந்த ஒன்பது பேரையும் ஒரு நாளும் நண்பர்கள் என்று அவர் எண்ணியதில்லை. இப்போது ஒவ்வொருவராக முகம் வந்தது.

ஐம்பத்துநாலாம் நாள், வயிற்றில் ஒரு புரட்டல். மூன்றரை மணிக்கே கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசல் படலையடியில் சோமசேகரம், தன் கரியலிலிருந்து இரண்டு தகரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

"வாரும் அருளம்பலம்," என்றார் சோமசேகரம், கொஞ்சமும் கலங்காமல். "அஞ்சு மணிக்குச் சந்திப்பம்." சைக்கிள் பறந்துவிட்டது.

அருளம்பலம் குசினிக்குள் போனார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு மண்குடம். மூக்குப்பேணியில் வார்த்து அண்ணாந்து குடித்தார். இரண்டாம் பேணி. மூன்றாம் பேணி. நல்ல தண்ணீர்க் கிணறேதான்! அழுகை வந்தது, மனைவி நின்றதால் அடக்கிக்கொண்டார்.

"எத்தினை நாளா?"

"முப்பத்தொன்பது."

"நான் வேறை கிணத்திலை அள்ளுறன் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில் சொன்னது. உள்ளுக்கை பாருங்கோ, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ஒவ்வொரு நாளும் கேட்டனான், தண்ணி எப்பிடி எண்டு. கற்கண்டு எண்டியள்."

"அப்ப நான் கொண்டந்தது?"

"அது உங்களுக்கு மாத்திரம். அவ்வளவு ஆசையாக் குடிக்கேக்கை நானும் பிள்ளையும் பங்குக்கு வரலாமோ?"

அருளம்பலம் நாலாம் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஒரு கணக்கு மாத்திரம் இடித்தது.

"சோமசேகரம் சும்மா சுமக்கிற ஆள் இல்லையே. என்ன குடுத்தனீர்?"

"காசோ பணமோ ஒண்டும் குடுக்கேல்லை," என்றாள் பத்மாசினி, குடத்தை மூடியபடி. "நல்ல சீட்டு வந்தால் உங்கடை இடது காது துடிக்கும் எண்டு மாத்திரம் சொல்லிவிட்டன்."