ஆளில்லாக் கப்பலில் தேநீர் போட்டது யார்?

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணங்கி எழுதுவது. முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை. ஆனால் விசாரித்தால் நீங்கள் முழங்கால் வலியில் ஆரம்பிப்பீர்கள், நான் கேட்க வந்தது நின்றுபோகும். அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் பேய்க்கப்பல் என்று வாயெடுத்தாலே நீங்கள் மூடுபனியிலிருந்து ஆரம்பித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

துறைமுக அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை கிடைத்ததே உங்களால்தான். சரித்திரம் படித்தேன் என்று சான்றிதழ்களை நீட்டினேன், மேலாளர் அவற்றைத் திறக்கக்கூட இல்லை. "நீங்க அவரோட தம்பி பொண்ணா? அப்ப நாளைக்கே வந்துடுங்க" என்றார். நடுக்கடலில் ஆளில்லாமல் மிதந்ததாக நீங்கள் சொன்ன கப்பலின் சாப்பாட்டு அறையை இங்கே அப்படியே கட்டிவைத்திருக்கிறார்கள். தரை ஒரு பக்கம் சாய்வு, மேசை ஆணியடித்து இறுக்கியது, அதன்மேல் பாதி குடித்த கோப்பைகள். கோப்பைகளில் தேநீர் சூடு பறக்க இருக்கும். அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் சீட்டு வாங்குகிறார்கள். அந்தச் சூட்டுக்குப் பொறுப்பு நான். பொய்ச்சுவருக்குப் பின்னால் ஒரு மின்கெண்டி இருக்கிறது. ஒரு கும்பல் வெளியேறி அடுத்த கும்பல் நுழைவதற்குள் சின்னக் கதவு வழியாகப் போய்ப் பழையதைக் கொட்டிவிட்டு, எல்லாக் கோப்பையிலும் பாதிப்பாதி ஊற்றி, வெளியே வந்து துக்கவீட்டு முகத்தோடு நிற்க வேண்டும். அப்பா மட்டும் ஊரெல்லாம் "ஆராய்ச்சிப் பிரிவுல இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாள் முழுக்கத் தேநீர் ஊற்றுகிறவளுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்துவிடும் பெரியப்பா. அது ஆறிவிடும். பள்ளிப் பிள்ளைகளை டீச்சர் வரிசையில் நிற்கவைத்து முடிப்பதற்குள் ஆறிவிடும். யாரோ ஒருவர் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் ஆறிவிடும். நீங்களோ விடியற்காலையில் அந்தக் கப்பலைப் பார்த்தீர்கள், சங்கு ஊதினீர்கள், பதில் இல்லை, கேப்டன் நெடுநேரம் யோசித்தார், அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு படகு இறக்கி, துடுப்புப் போட்டு, கயிற்றேணியில் ஏறி, மேல்தளமெல்லாம் தேடி, அதற்குப் பிறகு கதவைத் திறந்தால் தேநீர் சூடாக இருந்தது! எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான் வந்தது. வந்த பிறகு சும்மா இருக்கவில்லை. அக்கா கல்யாணத்தில் நீங்கள் சொன்னபோது அந்தக் கப்பல் மேசையடியில் ஒரு பூனை தூங்கியது. எனக்குப் பட்டம் கிடைத்த அன்று அது கிளியாகிவிட்டது. நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கிளி பேசவும் செய்தது. மேலாளரிடம் சொன்னேன். "சந்தேகத்தையெல்லாம் வீட்ல வெச்சிட்டு வாம்மா. இங்க சந்தேகப்படற உரிமை சீட்டு வாங்கினவங்களுக்குத்தான்" என்றார். பெரியம்மாவிடம் கேட்டேன். "ஸ்டூல்ல ஏறி பல்பு மாட்டச் சொன்னாலே உங்க பெரியப்பாவுக்குத் தலை சுத்தும். இவரு கயித்தேணில ஏறினாராமா? என்னைக் கேக்காத. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் நடந்ததுக்கு மட்டும்தான் நான் சாட்சி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் போன வாரம் அந்த அறையில் விளக்கு எரியவில்லை. கெண்டியும் அதே இணைப்பில் இருந்ததால், "பராமரிப்பு காரணமாக இன்று தேநீர் சூடாக இராது" என்று அட்டை எழுதி வாசலில் மாட்டிவிட்டு, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சீட்டுக் கொடுக்கும் அம்மாளுக்குச் சாப்பாட்டு நேரம் என்பதால் அவர் இடத்தில் போய் உட்கார்ந்தேன். எலக்ட்ரீஷியன் வந்தார், விளக்கைச் சரிசெய்தார், கேப்டன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தன் பிளாஸ்க்கைத் திறந்தார், அதன் மூடியை எங்கேயோ தொலைத்திருந்ததால் கேப்டனுடைய கோப்பையை நிமிர்த்தி அதில் ஊற்றிக் குடித்தார். பாதியில் போன். பக்கத்துக் கட்டடத்து லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம். பின்கதவு வழியாக ஓடிவிட்டார். இது தெரியாமல் மேலாளர் முன்கதவைத் திறந்து ஒரு கும்பலை உள்ளே விட்டார். சூடாக இராது என்ற அட்டையைப் படித்துவிட்டுத்தான் போனார்கள். உள்ளே மற்றக் கோப்பையெல்லாம் காய்ந்து கவிழ்ந்து கிடக்க, கேப்டன் கோப்பையில் மட்டும் பாதித் தேநீர், சூடு பறக்கிறது. ஓர் அம்மாள் போட்ட கூச்சல் எனக்குச் சீட்டு ஜன்னலில் கேட்டது. கூச்சலுக்கு முன்னால் அவர் கணவர் என் ஜன்னலுக்கு ஓடிவந்து சேர்ந்துவிட்டார். மறுநாள் வரிசை தெருமுனை தாண்டி நின்றது.

எலக்ட்ரீஷியனைத் தேடிப் பிடித்தேன். "அண்ணே, அது நீங்க குடிச்ச டீதானே?" என்றேன். "என் டீதான் மேடம். ஆனா நான் முழுசாக் குடிச்சிட்டேன்னுல்ல நினைச்சேன்? பாதி இருந்துச்சுன்னா மீதிய யாரு ஊத்துனது?" என்று கேட்டார். கேட்டபோதே அவருக்கு முகம் வெளுத்தது. இப்போது துணைக்கு ஆள் இல்லாமல் அந்த அறைக்குள் வருவதில்லை. தன் தேநீருக்குத் தானே பயந்த மனிதரை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். மேலாளரிடம் அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "நீங்க விளக்கை மாட்டுனீங்க, போயிட்டீங்க. டீ கீ எதுவும் எனக்குத் தெரியாது, சரிங்களா?" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது பெரியப்பா. உங்கள் கப்பலில் நீங்கள் சமையல்காரர். சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூடத் தேநீர் குடிக்காமல் வாசல் தாண்ட விடாதவர். நடுக்கத்தோடு முதல் படகில் போனவர்களை வெறுங்கையோடா அனுப்பியிருப்பீர்கள்? பிளாஸ்க் கொடுத்திருப்பீர்கள். அவர்கள் அந்த மேசையில் உட்கார்ந்து குடித்திருப்பார்கள், பாதியில் வைத்துவிட்டுக் கீழ்த்தளம் தேடப் போயிருப்பார்கள். இரண்டாவது படகில் உங்களோடு வந்த கேப்டன் அந்தக் கோப்பைகளைப் பார்த்திருப்பார். அவ்வளவுதானே? இத்தனை காலம் எங்கள் தூக்கத்தைக் கெடுத்த பேய் உங்கள் பிளாஸ்க்கிலிருந்துதானே வந்தது?

இதை நான் ஏன் நோண்டுகிறேன் என்றால், வாசலில் ஒரு பித்தளைப் பலகை வைக்கப் போகிறார்கள். மேலே உங்கள் படம், நடுவில் உங்கள் சாட்சியம், கீழே "சரிபார்த்தவர்" என்று என் பெயர். வாசகத்தை வெள்ளிக்கிழமைக்குள் நான் கொடுக்க வேண்டும். நீங்கள் சொன்னபடியே எழுதினால், என்னைப்போல் தேநீர் ஊற்றத் தெரிந்த யாராவது ஒருநாள் வந்து சிரிப்பார்கள், நீங்கள் பித்தளையில் பொய்யராக நிற்பீர்கள். பிளாஸ்க் என்று எழுதினால் பேயும் போய்விடும், அறையும் போய்விடும், இன்னும் நிரந்தரமாகாத என் வேலையும் போய்விடும். திறப்பு விழாவுக்குப் பெரியம்மா உங்களுக்குக் கோட்டு வேறு தைத்துவிட்டார். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் மனசு வரவில்லை. ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். முதல் படகில் பிளாஸ்க் போனதா, இல்லையா? மூடுபனி வேண்டாம்.

இப்போது கேட்கிறேன், முழங்கால் எப்படி இருக்கிறது? கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறீர்களா? பெரியம்மாவுக்கு என் வணக்கம். கடலில் நீங்கள் கண்டது எதுவாக இருந்தாலும், கரையில் உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

உங்கள் ஆசியையும் பதிலையும் எதிர்பார்த்து,
குழம்பிப்போன தம்பி மகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், பெரியம்மா போன் செய்தார். பிளாஸ்க் விஷயத்தை அவரிடம் உளறியிருந்தேன், அவர் உங்களிடமே கேட்டுவிட்டாராம். "பிளாஸ்க்கா? இவரு வேலை பாத்த கப்பல்ல டீயே கிடையாதாம்டி! டீத்தூள் மூட்டையில மண்ணெண்ணெய் கொட்டி, பாதி வழியிலயே தூக்கிக் கடல்ல போட்டுட்டாங்களாம். வாரக்கணக்கா வெந்நீர் குடிச்சு நாக்கு செத்துப்போயிருந்தவங்க, அங்க சுடச்சுட டீயப் பாத்ததும் பேயாவது பிசாசாவதுன்னு ஆளுக்குக் கொஞ்சம் குடிச்சிருக்காங்க. இவரு தலை சுத்தச் சுத்த ஏணில ஏறினதே, மேலேருந்து எவனோ 'டீ இருக்கு'ன்னு கத்துனதுக்குத்தானாம். யாருதான் போட்டாங்கன்னு கேட்டேன். தெரியாதாம். 'சர்க்கரை கம்மி'ங்கறார்."

பெரியப்பா, பதில் வேண்டாம். வாசகத்தைக் கொடுத்துவிட்டேன்: "தேநீர் சூடாக இருந்தது. சர்க்கரை குறைவு." மேலாளர் இரண்டாவது வாக்கியத்தை எடுக்கச் சொன்னார். அதை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.