ஒரு விரற்கடை தள்ளிப்போன மூக்குக்கண்ணாடி

தொடக்கப்புள்ளிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் வீட்டில் இல்லையென்றால் எதிர்வீட்டில் எட்டிப் பாருங்கள். பால் பொங்கினால் நீங்களும் நானும் அடுப்பை அணைப்போம். இவர் அணைக்கமாட்டார். பால் பொங்கும்போது நீ எங்கே போனாய், போனில் பேசவா, கூப்பிட்டது யார் என்று நூல் பிடித்தபடி பின்னாலேயே போய், உன் அக்காவுக்கு நம்பர் கொடுத்தாயே, அதுதான் தப்பு என்று கொண்டுபோய் நிறுத்துவார். அதற்குள் பாத்திரம் கரிந்திருக்கும். அதற்கும் அக்காதான்.

நம் ஆள் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவருக்கு ஒரு விஷயம் உயிர். இரண்டு புள்ளிகள் மயிரிழை இடைவெளியில் கிளம்பி, ஒரே விதிப்படி நடந்தாலும், போகப்போக ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இடத்துக்குப் போய்விடலாமாம். நல்ல கணக்குதான். கரும்பலகையோடு விட்டிருந்தால் அவர் மனைவிக்கு நிம்மதி. விட்டாரா?

அன்று மகளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. ஒரு வருடமாக அலைந்து கிடைத்த அழைப்பு. காரில் கொண்டுபோய் விடுவது அப்பா பொறுப்பு. சாவியைத் திருப்பினார். கார் ஒருதரம் முனகிவிட்டு அடங்கியது.

"ராத்திரி உள்ளே லைட்டை அணைக்காம விட்டிருக்கீங்க. பேட்டரி காலி," என்றாள் மனைவி.

"லைட்டை ஏன் போட்டேன்? கண்ணாடி காருக்குள்ள இருக்கான்னு தேட. கண்ணாடி ஏன் காணோம்? மேஜையைத் துடைக்கிறேன்னு நீ அதை ஒரு விரற்கடை தள்ளி வெச்சே. பேப்பருக்கு அடியில போயிடுச்சு. ஒரே ஒரு விரற்கடை! எங்க வந்து நிக்குது பாரு!"

"கார் இங்கயேதாங்க நிக்குது. அதான் பிரச்சனை."

"அப்பா, நேரமாச்சுப்பா!" மகளுக்கு அழுகை முட்டியது.

"இரும்மா, அம்மாவுக்குப் புரியட்டும்." காரின் முன்மூடியில் படிந்திருந்த தூசியில், ஒட்டிக் கிளம்பிப் பிரிந்து போகும் இரண்டு கோடுகளை விரலால் இழுத்தார்.

மனைவிக்குப் பொறுமை போயிற்று. "மேஜையில ஏன் தூசி? நீங்க சன்னலைத் திறந்தீங்க. ஏன் திறந்தீங்க? புழுக்கம்னீங்க. இத்துனூண்டு விஷயம் எல்லாத்தையும் மாத்தும்னா, உலகத்துல இருக்கிற அத்தனை இத்துனூண்டும் குத்தவாளிதானே? என் விரலை மட்டும் ஏன் பிடிச்சுத் தொங்குறீங்க?"

கல்லூரியில் இப்படி யாரும் கேட்டதில்லை போலும். தூசியில் மூன்றாவது கோடு இழுக்க விரலை நீட்டினார். அதற்குள் அவள் தெருமுனைக்கு ஓடி, வாடகைக் கார் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள்.

மாலையில் மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "வேலை கிடைச்சிடுச்சும்மா! லேட்டாப் போனதால கடைசியாத்தான் கூப்பிட்டாங்க. அவசரமே இல்லாம, நிதானமாப் பேசினாங்க."

நம் ஆள் நாற்காலியில் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பப் புரியுதா? அந்த லைட்டை மட்டும் நான் அணைச்சிருந்தா?"

கவனித்தீர்களா? காலையில் கதை அவள் விரலில் தொடங்கியது. மாலையில் அதே கதை அவர் லைட்டில் தொடங்குகிறது. அந்த விரற்கடை எங்கே போனது? அவர் மனைவியும் அதைத்தான் தேடினாள். பிறகு மேஜையைத் துடைக்கப் போனாள், கண்ணாடி வைக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒரு டம்ளர் உடைந்ததே, அந்தக் கதையை எங்கிருந்து ஆரம்பித்தீர்கள்? உங்கள் முழங்கை பட்டதிலிருந்தா, இல்லை அதை யாரோ அங்கே வைத்ததிலிருந்தா?