ஆட்டுக்கு வைத்த நாலாவது கால்

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மாடிப்படி, மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரரின் தும்மல் எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு உண்டு. (இது வியாதி என்கிறாள் மனைவி. இந்த மாதம் மட்டும் பதினாறு முறை.) இந்த வியாதியால் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தின் வரலாற்றையே திருத்தப் பார்த்தவன் நான்.

அப்போது துபாய் அல் குசைஸில் ஒரு பெயர்ப்பலகைப் பட்டறையில் சூப்பர்வைசர். மேனேஜர் வெள்ளைக்காரர், வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். அவருடைய கிராமத்து முகப்பில் நின்ற மரப்பலகை உளுத்துப்போனதால், புதிதாக ஒன்று செய்து எடுத்துப்போக ஆசை. பழைய போட்டோவைக் கொடுத்து, "இதில் உள்ளபடியே" என்றார். மேலே ஓர் ஆடு, கீழே ஊர்ப்பெயர். பெயரில் பதினொரு எழுத்து. (வாயால் சொல்ல ஐந்து போதுமாம். மீதி ஆறும் சும்மா நிற்கின்றன.)

ஆட்டின் கால்களை எண்ணினேன். மூன்று.

"செல்வராஜ், ஒண்ணு உடைஞ்சு விழுந்திருக்கு. சேர்த்துடு."

செல்வராஜ் எங்கள் கார்பெண்டர், நாகர்கோவில்காரன். "அண்ணே, உள்ளபடி செய்யச் சொன்னாருல்லா? ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"ஆட்டுக்கு எத்தனை காலுன்னு வெள்ளைக்காரன்கிட்ட போய்க் கேக்கணுமா? யல்லா, செதுக்கு!"

கேட்கத் தைரியம் இல்லை என்பதும் உண்மை. மகள் கல்யாணத்துக்கு நாற்பது நாள் லீவு கேட்டு நான் எழுதிய தாள் அவர் மேஜையில் கிடந்தது. நாமே திருத்திக் கொடுத்தால் மகிழ்ந்து கையெழுத்துப் போடுவார் என்று கணக்குப் போட்டேன்.

வழியனுப்பு விழாவில் துணியை விலக்கினோம். பட்டறை முழுக்கக் கைதட்டல். மேனேஜர் மட்டும் தட்டவில்லை. கிட்டே வந்து, "இந்த நாலாவது கால் யாருடையது?" என்றார்.

"என்னுடையது சார்" என்றேன் (பயத்தில்).

அப்புறம்தான் சொன்னார். எப்போதோ வெள்ளம் வந்தபோது மூன்று கால் ஆடு ஒன்று நொண்டிக்கொண்டே மேடேறியதாம். அதன் பின்னால் ஓடித் தப்பியவர்கள் அங்கேயே ஊர் கட்டினார்களாம். ஊர்ப்பெயருக்கே 'மூன்று கால் ஆட்டு மேடு' என்றுதான் பொருளாம்.

"நாலு கால் இருந்தா அது வெறும் ஆடுல்லா அண்ணே" என்று செல்வராஜ் என் காதில் கிசுகிசுத்தான்.

மேனேஜர் ரம்பம் கேட்டு வாங்கி, கோட்டைக்கூடக் கழற்றாமல், அந்தக் காலை அறுத்து என் கையில் கொடுத்தார். பிறகு என் லீவுத் தாளை வரவழைத்து, நாற்பதை அடித்து முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஆட்டுக்கு என்ன நியாயமோ அதுதான் உனக்கும். நாலில் ஒன்று கலாஸ்!"

தாலி கட்டியதைப் பார்த்தேன். முப்பது நாள் முடிந்துவிட்டதால் மறுவீட்டு விருந்துக்கு முன்பே விமானம் ஏறினேன். ஏன் இந்த அவசரம் என்று கேட்ட சம்பந்தி வீட்டாருக்கு, மனைவி ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

அந்தக் கால் இப்போது எங்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. போன வாரம் பேத்தி ஒரு பொம்மை ஆட்டோ வாங்கி வந்தாள். சும்மாதான் அதைத் திருப்பிச் சக்கரங்களை எண்ணினேன். வாயைக்கூடத் திறக்கவில்லை. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மனைவி அந்தக் காலை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.