கோர்வைக் கணக்கு

உண்மை ஒன்றுதான் என்று சொல்பவர்கள் காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்துப் பார்த்ததில்லை. ஆதிகேசவன் அவர்களின் பட்டு மாளிகையில் உண்மை எப்போதும் மூன்றுக்குக் குறையாமல் இருப்பில் இருந்தது.

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தி வேறொரு நிறம் இல்லையா? கணக்கையும் அவர் அந்த மரபுப்படியே நெய்தார். வருமான வரிக்காரர்கள் பார்க்கும் கணக்கில் கடை நஷ்டத்தில் மூழ்கிக் கதறியது. கூட்டாளியான தம்பி பார்க்கும் கணக்கில் ஏதோ கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு வரன் பேசியிருந்த வாலாஜாபாத் ரைஸ்மில் சம்பந்திக்குக் காட்டிய கணக்கிலோ, அடடா, கண் கூசியது!

வங்கிகள் அரசுடைமையாகி, மேலாளர்கள் "மக்களைத் தேடி"ப் புறப்பட்டிருந்த எழுபத்தொன்றாம் ஆண்டு அது. தை முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரொக்கம் இல்லாமல் ஓர் இழைகூட அனுப்பமாட்டேன் என்றுவிட்டான் சூரத் ஜரிகைக்காரன். ஜரிகை வராவிட்டால் கல்யாணச் சேலை இல்லை, கடையைப் பூட்டவேண்டியதுதான். ஆதிகேசவன் கடனுக்கு விண்ணப்பித்தார். "தங்கள் தொழிலின் ஆரோக்கியத்தை மதிப்பிட வருகிறோம். கணக்குகள் அனைத்தையும் திரட்டி வைக்கவும்" என்று வங்கி பதில் போட்டது. பார்த்தாலே சந்தோஷம் வரும்படி, வங்கிக்கென்று நாலாவதாக ஒரு கணக்கு உடனே நெய்யப்பட்டது.

அவர் செய்த பிழை ஒன்றே ஒன்று. "அவுங்க கேட்டத எட்த்து வைப்பா" என்று குமாஸ்தா சிட்டிபாபுவிடம் சொல்லிவிட்டு வரதரைச் சேவிக்கப் போனார். சிட்டிபாபு கடிதத்தைப் படித்தார். 'அனைத்தையும்' என்று இருந்தது.

திரும்பி வந்தால், வங்கி மேலாளர் ஸ்ரீபாலன் டையும் கண்ணாடியுமாக உட்கார்ந்து, நாலு கணக்குகளையும் கடைப்பாயில் விரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்! ஆதிகேசவன் நேரே குமாஸ்தாவிடம் ஓடினார்.

"இன்னாபா பண்ணி வெச்சிக்கிற?" என்று சிட்டிபாபுவின் காதைக் கடித்தார்.

"அல்லாத்தையும்னு எழுதிக்கிறாங்களே மொதலாளி. ஒண்ணக் கொறச்சா பொய் சொன்னாப்பல ஆயிடாதா?"

ஓரமாக நெசவாளர் வீரபத்திரன் நின்றிருந்தார். காலையில் சேலை கொண்டுவந்தவர். சேலைக்கு ஐந்து ரூபாய் கூலி ஏற்றித் தரும்படி அவர் கேட்கும்போதெல்லாம், "கணக்கப் பார்த்துட்டு சொல்றேம்பா" என்று ஆதிகேசவன் ஏழு வருஷமாகச் சொல்லி வந்தார். இன்று நிஜமாகவே கணக்குப் பார்க்கிறார்களே என்று மனிதர் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்.

ஸ்ரீபாலன் தொண்டையைக் கனைத்தார். "சார், இந்தக் கணக்குப்படி உங்க கடை போன வருஷமே செத்துப்போச்சு. இதுல சீக்கா படுத்துக்கினு இருக்குது. இதுல ரெண்டு பஸ்ஸே வாங்கி வுடலாம். எங்களுக்கு எழுதினதுல ஓடியாடி விளையாடுது. எத நான் நம்பறது?"

"எல்லாமே நம்ம கடதான் சார்..." என்று இழுத்தார் ஆதிகேசவன். ஜரிகை போச்சு, சம்பந்தம் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தார்.

"ஆனா ஒண்ணு!" மேலாளரின் முகம் பக்தியில் மலர்ந்தது. "நெசவுக் கூலி. நாலு கணக்குலயும் சேலைக்கு ஒரே ரேட்டு. ஏழு வருஷமா ஒரு பைசா ஏறல. அரிசி வெல இப்படி ஏறிக்கினு இருக்கறப்போ, இந்த ஒழுங்க நான் எங்கயும் பார்த்ததில்ல சார்! இதான் ஆரோக்கியம். கடன் சாங்ஷன். ஒரே கண்டிஷன், கடன் அடையறவரைக்கும் இந்த ரேட்ட மாத்தக் கூடாது."

ஆதிகேசவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாழ்நாளில் எந்த வாக்கையும் அவர் இவ்வளவு மனப்பூர்வமாகக் கொடுத்ததில்லை. பிறகு வீரபத்திரன் பக்கம் திரும்பி, மிகுந்த வருத்தத்துடன் கையை விரித்தார்.

"கேட்டுக்கினியாபா? நானா மாட்டேங்கறேன்? கவர்மெண்டே சொல்லிடுச்சி."

வீரபத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி மொதலாளி. நாலு கணக்குலயும் எங்க கூலி ஒண்ணுதான் நெசம்னு ஆயிடுச்சி. அஞ்சாவதா ஒண்ணு எழுதுங்க. அதுலயாவது எங்களப் பத்தி ஒரு பொய் சொல்லுங்க."