துருப்பிடிக்காத ஆணி

தொழிலாளர் பாதுகாப்பு வேலைக்குச் சேர்வதற்கு முன்பு நான் கீழே பார்த்து நடந்தவன் இல்லை. சேர்ந்த பிறகு அந்தப் பழக்கமே எனக்குத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்தவர் காலைப் பார்ப்பதற்குத்தானே சம்பளம்?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அப்பா டேனரியில் தோல் சுமந்தவர், அம்மா பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். டிகிரிக்கு மேல் ஒரு வருட சேஃப்டி டிப்ளமோ வேறு. அதனால் உலகத்தில் எனக்குத் தெரியாதது என்று அப்போது பெரிதாக எதுவும் இல்லை.

நான் சேஃப்டி ட்ரெய்னி. என் வேலையின் உயிர், கேட்டுக்குப் பக்கத்தில் தொங்கிய ஒரு போர்டு. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று எழுதியிருக்கும். தினமும் காலையில் பழைய எண்ணை அழித்து ஒன்று கூட்டி எழுத வேண்டும். நூறாவது நாளன்று, எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காக ஆடிட். எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்:

"நூறு வந்துச்சுன்னா உனக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர். நடுவுல ஜீரோ ஆச்சு, போர்டோட உன்னையும் சேத்து அழிச்சிடுவேன்."

(இத்தனை நாளும் யாருக்கும் அடிபடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்டவர்கள் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.)

ஆடிட் அன்று தொழிலாளர்களுக்கு நான் பேச வேண்டிய தலைப்பு டெட்டனஸ். ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து ஒரு போஸ்டர் வரைந்தேன். பழுப்பு நிறத்தில் ஒரு ராட்சச ஆணி. கீழே, 'துருவைத் தொடாதே! உயிரை விடாதே!' முதலுதவி அறையில் அதை ஒட்டப் போனபோது நர்ஸ் நூர்ஜஹான் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னா தம்பி இது? துரு இன்னா பண்ணும்? மண்ணுலயும் சாணியிலயும் இருக்கிற கிருமி பண்றது அது. ஆணி பளபளன்னு இருந்தாலும் ஆழமா குத்துச்சுன்னா உள்ள போயிடும்."

"அக்கா, நான் டிப்ளமோ படிச்சவன்."

"அதான் போஸ்டர்லயே தெரியுதே" என்றார்.

தொண்ணூற்றொன்றாம் நாள் விதி டீக்கடை வழியாக வந்தது. கம்பெனிக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பாதை. நாங்கள் கூட்டிக் கொட்டும் குப்பை அங்கேதான் கிடக்கும், அதன்மேல் மாடுகள் படுத்திருக்கும். சேஃப்டி ஷூ காலைக் கடிக்கிறது என்று அதை லாக்கரில் பத்திரமாக வைத்துவிட்டு ரப்பர் செருப்பில் போனேன். சாணிக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்ன ஆணி, ஷூவின் அடி அட்டையைக் கால் வடிவ அச்சோடு சேர்த்து அடிக்கும் ஆணி, செருப்பைத் துளைத்துக் குதிகாலில் இறங்கிவிட்டது.

பிடுங்கிப் பார்த்தேன். புத்தம் புதிய ஆணி. ஒரு பொட்டுத் துரு இல்லை. அப்பாடா என்றிருந்தது. அறிவியல் என் பக்கம், போர்டும் என் பக்கம். கைக்குட்டையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு (சோப்பா? தண்ணீரா? அதெல்லாம் படிக்காதவர்களுக்கு) டீ குடித்தேன்.

தொண்ணூற்றொன்பதாம் நாள் மாலை தாடை வலித்தது. நூறாம் நாள் காலையில் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டு, தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோல் உள்ளே தள்ளினேன். பிறகு போய்ப் போர்டில் நூறு எழுதினேன்.

கேண்டீன் ஹாலில் எல்லா லைனும் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் அம்மா, பக்கத்தில் மேனேஜர். மைக்கைப் பிடித்து, என் தாளைப் பார்த்துப் படித்தேன்.

"டெட்டனஸின் முதல் அறிகுறி, தாடை இறுகும். வாயைத் திறக்க முடியாது."

தையல் பிரிவு செல்வி அக்கா எழுந்தார். "சார், கொஞ்சம் வாயத் தொறந்து பேசுங்க. ஒண்ணும் புரியல."

ஹாலே சிரித்தது. எனக்கு வியர்த்தது. அடுத்த வரி, 'கழுத்து விறைக்கும்'. படித்த நொடியே விறைத்தது. 'முதுகு வில்லாக வளையும்.' நிமிர்ந்து நின்றேன். 'திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு வெட்டி இழுக்கும்.' சரியாக அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் சைரன் அலறியது. நான் ஒரு முழம் துள்ளினேன்.

"எனக்கு டெட்டனஸ் வந்துடுச்சு!" என்று மைக்கிலேயே கத்தினேன், பல்லைக் கடித்தபடி.

கைதட்டல். ஆடிட்டர் அம்மா, "நல்லா நடிச்சுக் காட்டுறாரே" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். மேனேஜர் பெருமையாகத் தலையாட்டினார். இந்த உலகத்தில் ஒருவன் சாகும்போதுகூட டெமோ என்று மார்க் போடுகிறார்களே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆடிட்டுக்காக மாட்டியிருந்த சேஃப்டி ஷூவைக் கழற்றிக் குதிகாலைத் தூக்கிக் காட்டினேன்.

"நிஜம் மேடம்! தொண்ணூத்தோராம் நாள்! ஆணி! நம்ம கம்பெனி ஆணி! நான்தான் எழுதல!"

மேனேஜரின் தலை ஆட்டத்தின் நடுவில் நின்றது.

நூர்ஜஹான் அக்கா என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தார். வழியில் அம்மாவுக்குப் போன் செய்தேன். கடைசியாக நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று எண்ணம். கடித்த பல்லுக்கிடையில் வந்தது, "ம்மா... ந்நா போறேம்மா... சர்ட்டிபிகேட்டெல்லாம் பத்ரம்..."

"டேய், பட்டப்பகல்ல குடிச்சிருக்கியா?" என்றார் அம்மா. போனை வைத்துவிட்டார்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கடைசியில் சொன்னார்: "கடைவாய்ல கடைசிப் பல் முளைக்குது. ஈறு வீங்கியிருக்கு. அதான் வாய் திறக்கல."

"அப்ப டெட்டனஸ்?"

"இல்ல. ஆனா உன் அதிர்ஷ்டம்தான் காரணம், நீ இல்ல. கடைசியா எப்ப ஊசி போட்ட?"

பத்து வயதில். பதினாறு வயதில் போட வேண்டியதைப் போட நர்ஸ்கள் பள்ளிக்கு வந்த அன்று, நான் காம்பவுண்டு ஏறிக் குதித்து ஓடியிருந்தேன். இதைச் சொன்னதும் நூர்ஜஹான் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆணி நல்லாத்தான் இருந்திருக்கு. உன் படிப்புதான் துருப்பிடிச்சிருக்கு. குத்தினவுடனே ஓடுற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவணும், வந்து சொல்லணும், ஊசி போடணும். இந்த மூணு போதும். அந்த வியாதி நிஜமா வந்துட்டா நம்ம கையில ஒண்ணும் ஜாஸ்தி இல்ல தம்பி." கடைசி வரியைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. காயத்தைக் கழுவி, ஊசியையும் போடச் செய்தார்.

மறுநாள் காலை நூறை அழித்துவிட்டு என் கையாலேயே ஜீரோ போட்டேன். ஆடிட்டர் அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டதால் மேனேஜரால் என்னை அழிக்க முடியவில்லை, என் கன்ஃபர்மேஷன் லெட்டர் மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போனது. ஆனால் அந்த வாரம் ஒரு விநோதம் நடந்தது. முதலுதவி அறை வாசலில் வரிசை. குத்தியது, கிழித்தது, கத்தி பட்டது என்று ஆளாளுக்குக் காயத்தைக் காட்டினார்கள். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று செல்வி அக்காவைக் கேட்டேன்.

"போர்டுல நம்பர் ஏறிக்கினே இருந்துச்சே சார், யாரு கெடுக்கிறது? இப்பத்தான் ஜீரோ ஆயிடுச்சே. இனிமே இன்னா கெட்டுப்போவுது? பொம்பளைங்களுக்காவது புள்ளத்தாச்சியா இருக்கும்போது ஊசி போட்டாங்க. இந்த ஆம்பளைங்களக் கேளுங்க, ஒருத்தனும் போட்டிருக்க மாட்டான்."

கேட்டேன். உண்மைதான். என்னைப் போலவே சுவர் ஏறிக் குதித்தவர்கள் பாதிப் பேர். ஆடிட்டர் அம்மா அறிக்கையில் எழுதிவிட்டதால் கம்பெனியே ஊசி முகாம் நடத்த வேண்டி வந்தது. தொழிலாளி காலுக்காக நடத்தினார்கள் என்று சொன்னால் மேனேஜரே சிரிப்பார். போஸ்டரில் 'துரு'வை நூர்ஜஹான் அக்கா பேனாவால் அடித்து 'மண், சாணி' என்று எழுதினார். ஆணியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார், அழகாக வரைந்திருக்கிறேனாம்.

வீட்டில்தான் எனக்கு விமோசனமே இல்லை. போன மாதம் எனக்குப் பெண் நிச்சயமானது. அந்தப் பெண் முதல் தடவையாகப் போன் செய்தபோது எனக்கு வெட்கத்தில் நாக்கு புரளவில்லை. ம்ம், ஆங் என்று முனகிக்கொண்டிருந்தேன். மடியில் பீடி முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா, போனுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டார்:

"பயப்படாதம்மா, குடிக்கல. எங்கனா ஆணி ஏறியிருக்கும்!"